ரிப்போர்ட் நல்லம், இரத்தம் எங்கே?

எங்கள் ஊரில் ஒருவருக்கு இரத்தம் குறைவென்று தெரியவந்தால் அடுத்த நாளே அந்த வீட்டுப் படலைக்கு முருங்கையிலை வந்து சேரும். ஒருவர் பீட்ரூட் கொண்டுவருவார், இன்னொருவர் ஆட்டீரல் எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்று சொல்லுவார். பேரீச்சம்பழம், மாதுளை, டொனிக், தெரிந்த வைத்தியர் தரும் அயச்செந்தூரம் என்று மேசை நிறைந்துவிடும். "சாப்பாடு காணாது, அதுதான்" என்று முடிவும் சொல்லிவிட்டுத்தான் எழும்பிப் போவார்கள். அந்த அன்பில் நான் குறை காணவில்லை. அந்த அன்பாலே வளர்ந்தவள் நான். ஆனால் எழுபதை நெருங்கும் ஓர் ஆணுக்கு இரத்தம் குறைந்தால் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்பதற்கு முன்னால் அந்த இரத்தம் எந்த வழியால் போகிறது என்று கேட்கவேண்டும். இதை நான் கலியாண வீட்டிலும் சொல்லியிருக்கிறேன், செத்த வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு மீண்டும் முருங்கையிலைக்கே போய்விடுகிறார்கள். சொல்லித் தீராததால் எழுதுகிறேன்.

பெரியப்பா யாழ்ப்பாணத்து இணுவில் செம்மண்ணில் வெங்காயமும் மரவள்ளியும் போட்டு எங்கள் எல்லாரையும் படிப்பித்தவர். இறைப்பு நாளில் வாய்க்கால் மாற்றிவிட ஓடித் திரிந்த மனிதர், ஒரு மாரி முடிந்த கையோடு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வரம்பில் நிற்கத் தொடங்கினார். கேட்டால் "வெயில், பிள்ளை" என்பார். பிறகு கோயில் வீதியைச் சுற்றிவர இளைப்பு வந்தது. இருந்து எழும்பினால் தலைச்சுற்று. பெரியம்மா அதை வயது என்று எடுத்துக்கொண்டார். கீழ்க்கண்மடலை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை, வெள்ளைக் கடதாசி மாதிரிக் கிடந்தது.

பக்கத்தில் ஓர் இடத்தில் இரத்தம் சோதித்து, குறைவு என்று இரும்புச்சத்துக் குளிசை எழுதிக் கொடுத்தார்கள். குடித்தார், ஏறியது. ஏறியதும் விட்டார், இறங்கியது. திரும்பவும் அதே குளிசை, திரும்பவும் அதே ஏற்றம், அதே இறக்கம். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. வீட்டில் எல்லாருக்கும் குளிசை வேலை செய்கிறது என்ற நிம்மதி. எனக்குள் கிடந்து அரித்தது அந்த ஏற்ற இறக்கந்தான். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிப்பவள். குளிசை குடித்தால் ஏறுகிறது என்றால் உடலுக்கு இரத்தம் செய்யத் தெரிகிறது, என்பு மச்சை ஒழுங்காக இருக்கிறது. விட்டதும் இறங்குகிறது என்றால் செய்த இரத்தம் உடலுக்குள் தங்கவில்லை. செங்குழியம் ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். செத்த குழியத்தில் உள்ள இரும்பை உடல் வெளியே விடாது, எடுத்து அடுத்த குழியத்துக்குப் போடும். ஆகவே வளர்ந்த ஓர் ஆணின் உடலில் இரும்பு முடிந்துபோகிறது என்றால், பெரும்பாலும் இரத்தம் எங்கோ ஓர் இடத்தால் வெளியேறுகிறது என்றுதான் அர்த்தம்.

முருங்கையிலையின் கணக்கு

இந்தக் கணக்கை வகுப்புப் பலகையிலும் எழுதியிருக்கிறேன், பெரியம்மாவின் அடுப்படியிலும் சொல்லியிருக்கிறேன். ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நல்ல சாப்பாடு சாப்பிடும் ஒருவரின் குடல் ஒரு நாளில் உறிஞ்சி எடுக்கும் இரும்பு 1 முதல் 2 மில்லிகிராம். குறை வரும்போது குடல் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சப் பார்க்கும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. இனி, குடலுக்குள் எங்கோ நாளுக்கு 10 மில்லிலீற்றர் இரத்தம் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தேக்கரண்டி. அவ்வளவுதான். அதிலே 5 மில்லிகிராம் இரும்பு போய்விடும். வரவு இரண்டு, செலவு ஐந்து. எந்தக் கீரையாலும் இந்தக் கணக்கை நேர்செய்ய முடியாது. கீரையில் இருக்கும் இரும்பு, இறைச்சியிலும் ஈரலிலும் இருக்கும் இரும்பைப்போல இலகுவாக உறிஞ்சப்படுவதுமில்லை. சாப்பிட்ட கையோடு நாங்கள் குடிக்கும் பிளேன்ரீயில் உள்ள தனின் அதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தேசிக்காய்ப் புளி விட்டால் கொஞ்சம் உதவும். முருங்கையிலை நல்ல சாப்பாடு, நானும் சுண்டிச் சாப்பிடுகிறவள். கசிவை அது நிறுத்தாது என்பதுதான் என் பேச்சு.

இரண்டு தேக்கரண்டி இரத்தம் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ கசியும் இரத்தம் முழுக் குடலையும் கடந்து வரும் வழியில் சமித்துக் கறுத்துவிடும். மலம் தார் மாதிரிக் கறுப்பாகத் தெரிவதற்கே 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை போகவேண்டும். அதற்குக் குறைவாகக் கசிந்தால் மலம் வழமையான நிறத்திலேயே இருக்கும். வயிற்று நோவும் இருக்காது. மனிதர் நடந்து திரிந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு போவார். மெல்ல மெல்லக் குறைவதால் உடலும் அதற்குப் பழகிக்கொள்ளும். திடீரென்று இவ்வளவு இரத்தம் போனால் விழுந்துவிடக்கூடிய ஆள், மாதக்கணக்கில் போனபடியால் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று ஹீமோகுளோபின் 6.8. ஓர் ஆணுக்கு 13க்குக் குறையக்கூடாது.

கேட்கக் கூச்சப்படும் கேள்வி

வார்ட்டில் சேர்த்த அன்று பின்னேரம் ஓர் இளம் டொக்டர் வந்தார். படிப்பு முடித்துப் பயிற்சியில் இருக்கும் பிள்ளை, முகத்தில் நித்திரை இல்லாத களை. கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கட்டிலின் பக்கத்தில் குனிந்து கேட்டார்: "ஐயா, வெளிக்குப் போறது என்ன நிறம்?"

பெரியப்பா உடனே சொன்னார்: "கறுப்புத்தான். குளிசை குடிச்சாக் கறுப்பாப் போகும் எண்டு சொன்னவை."

"ஓம் ஐயா, அது சரி. குளிசை விட்டிருந்த நேரங்களிலை?"

பெரியப்பா பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, நீ கொஞ்சம் வெளியிலை நில்" என்றார். நான் விறாந்தையில் போய் நின்றேன். உள்ளே அவர் என்ன சொன்னார் என்பது பிறகு கொப்பியில் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் தெரியும். குளிசை இல்லாத நாட்களிலும் இடைக்கிடை கறுத்து, ஒட்டிப் பிடித்து, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல், கெட்ட மணத்தோடு போயிருக்கிறது. எத்தனையோ மாதமாக. ஒரே வீட்டில் அவரோடு நாற்பது வருஷம் வாழ்ந்த பெரியம்மாவுக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. எவரும் கேட்கவும் இல்லை.

இரும்புக் குளிசையாலும் மலம் கறுக்கும், அது உண்மை. ஆனால் அது பச்சை கலந்த கறுப்பு, கட்டியாகப் போகும், தார் மாதிரி ஒட்டாது. இரத்தம் சமித்த கறுப்பு மினுங்கும், ஒட்டும், மணக்கும். இந்த வித்தியாசத்தை அறிய எந்த இயந்திரமும் தேவையில்லை, ஒரு கேள்வி போதும். அந்தக் கேள்வியைக் கேட்க நாங்கள் வெட்கப்படுகிறோம். மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் மருத்துவம் படிப்பித்தார், உடற்கூறும் சத்திரசிகிச்சையும் தமிழில் புத்தகமாக்கினார். குடலைப் பற்றித் தமிழில் பேசியும் எழுதியும் பழகிய மண் இது. இங்கே ஒரு வீட்டுக்குள் புருஷனும் பெண்சாதியும் மலத்தின் நிறத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை என்பது என்னை இன்றும் வருத்துகிறது. பெரியப்பாவை நான் குற்றம் சொல்லவில்லை. அவர் வளர்ந்த விதம் அது. எங்கள் பிள்ளைகளாவது அப்படி வளரக்கூடாது.

மேலே கிள்ளிய துண்டு

இரத்தம் ஏற்றி, ஆளைத் தேற்றி, எண்டோஸ்கொப்பி செய்தார்கள். தொண்டைக்கு விறைப்பு மருந்து அடித்து, இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, வாயால் குழாயை விட்டுப் பார்ப்பது. இரைப்பையில் எதிர்பார்த்த புண் இல்லை. மூட்டு நோவுக்குக் கடையில் வாங்கிக் குடிக்கும் குளிசைகளால் எங்கள் ஊரில் எத்தனையோ பேருக்கு இரைப்பைப் புண் வருகிறது, பெரியப்பாவுக்கும் அதுதான் என்று நானும் மனதுக்குள் நினைத்திருந்தேன். குழாய் இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலுக்குள் போனதும், தொடக்கத்திலேயே ஒரு கட்டி. மூன்று சென்ரிமீற்றர் அளவில், மேற்பரப்பு வழுவழுப்பாக, தடித்த காம்பில் தொங்கிக்கொண்டு. நுனியில் மட்டும் சின்னப் புண். இரத்தம் போன வழி அது. அதிலிருந்து துண்டுகள் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

ரிப்போர்ட் வரும்வரைக்கும் வீட்டில் சோறு இறங்கவில்லை. கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் பெரியம்மா புற்றுநோய் என்றே முடிவு கட்டிவிட்டார். ரொறன்ரோவில் இருக்கும் மகன் இரவிரவாகத் தொலைபேசியில், "கொழும்புக்குக் கொண்டுபோங்கோ" என்றான். லண்டன் மருமகள் இணையத்தில் தேடித் தேடி ஒவ்வொரு மணித்தியாலமும் ஒவ்வொரு நோயின் பெயர் அனுப்பினாள். பிறகு ரிப்போர்ட் வந்தது. சாதாரண சிறுகுடல் மென்சவ்வு, லேசான அழற்சி, புற்றுநோய்க்கான அறிகுறி எதுவும் இல்லை.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! பெரியம்மா வார்ட்டென்றும் பாராமல் அழுதார். நல்லூரில் அர்ச்சனைக்கு ஆள் போனது. ரொறன்ரோவில் கேக் வெட்டினார்களாம். "ஒண்டும் இல்லை எண்டு வந்திட்டுது, இனி வீட்டை போவம்" என்று பெரியப்பா வேட்டியை மாற்றத் தொடங்கினார். இரத்தமும் ஏற்றியாகிவிட்டது, முகமும் தெளிந்திருந்தது. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகக் கேட்டுவர என்னை அனுப்பினார்கள்.

எண்டோஸ்கொப்பி செய்த பெரிய டொக்டர் ரிப்போர்ட்டை வாங்கி வாசித்தார். சந்தோஷப்படவும் இல்லை, பயப்படுத்தவும் இல்லை. "இந்தத் துண்டிலை புற்றுநோய் இல்லை எண்டு லாப் சொல்லுது, அது சரி. ஆனா இந்தத் துண்டு அந்தக் கட்டியிலை இருந்து வந்ததெண்டு அவை சொல்லேல்லை" என்றார். எனக்கு விளங்கச் சில வினாடி எடுத்தது. பிறகு மேசையில் கிடந்த கடதாசியின் பின்பக்கத்தில் குடற்சுவரின் குறுக்குவெட்டைக் கீறினார். உள்ளே மென்சவ்வு, அதற்குக் கீழே கீழ்ச்சளிப்படை, அதற்கும் கீழே தசை. நான் வருஷா வருஷம் பலகையில் கீறும் அதே படம். கட்டியை அவர் கீழ்ச்சளிப்படைக்குள் ஒரு வட்டமாகப் போட்டார். அதன்மேல் மென்சவ்வு ஒரு போர்வையாக முழுசாக மூடிக்கொண்டு போனது. கிள்ளும் இடுக்கியின் வாய் இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான். அது மேலேயுள்ள மென்சவ்வைத்தான் கொண்டுவரும். மென்சவ்வு நல்லாகத்தான் இருக்கிறது. ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை, கட்டியை அது தொடவேயில்லை.

நான் இவ்வளவும் எழுதுவது இந்த இடத்துக்காகத்தான். ஒரு பரிசோதனை நல்லது என்று வந்ததும், அந்தப் பரிசோதனை எந்தக் கேள்விக்குச் செய்யப்பட்டது என்பதை நாங்கள் எல்லாரும் மறந்துவிட்டோம். பெரியப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது புற்றுநோயா என்று கேட்க அல்ல, ஏன் இரத்தம் குறைகிறது என்று கேட்க. நடுவில் ஒரு பயம் வந்தது, அந்தப் பயத்துக்குப் பதில் கிடைத்தது, அந்தப் பதிலே போதும் என்று புறப்பட்டுவிட்டோம். கட்டி அப்படியே இருந்தது. அதன் நுனியில் புண்ணும் அப்படியே இருந்தது. இன்னும் சில மாதத்தில் அவர் திரும்பவும் வரம்பில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றிருப்பார், அப்போது நாங்கள், "எண்டோஸ்கொப்பி எல்லாம் செய்து பாத்தாச்சு, ஒண்டும் இல்லை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்போம். நல்ல ரிப்போர்ட் கையில் இருப்பதால் அதற்குப் பிறகு வேறு எந்த டொக்டரும் அந்தத் திசையில் இலகுவில் பார்த்திருக்கவும் மாட்டார்.

டொக்டர் அன்று செய்தது பெரிய வித்தை எதுவுமில்லை. கண்ணால் கண்டதும் கடதாசியில் வந்ததும் ஒத்துப்போகாதபோது, கடதாசியை நம்பிக் கண்ணை விட்டுக்கொடுக்கவில்லை. வார்ட்டில் நோயாளர் நிறைந்து வழிய, வீட்டுக்காரரே கூட்டிக்கொண்டு போகிறோம் என்று நிற்கும்போது, ஒரு கையெழுத்தோடு அனுப்பிவிடுவது எவ்வளவு இலகு! அவர் நின்று கடதாசியில் படம் கீறினார்.

வீட்டில் அதைச் சொல்லப் போனதுதான் பெரும்பாடு. பெரியம்மாவுக்கு என் மேல் கோபம் வந்தது. "நல்ல செய்தி வந்த நேரத்திலை உனக்கேன் இந்த வேலை?" என்றார். தொலைபேசியில் மகன், "அவங்கள் தங்கட பாட்டுக்கு டெஸ்ட் எழுதுவாங்கள், அப்பாவைக் கஷ்டப்படுத்தாதேங்கோ" என்றான். அவன் தூரத்தில் இருக்கிறான், தகப்பன் நோகக்கூடாது என்று நினைக்கிறான், அதில் பிழை இல்லை. நான் டொக்டரின் படத்தைக் காட்டி எல்லாருக்கும் விளக்கினேன், ஒருவருக்கும் ஏறவில்லை. கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பாதான் கடைசியில் வாய் திறந்தார்: "மேல்மண்ணைக் கிள்ளிப் பாத்திட்டு மரவள்ளியிலை கிழங்கில்லை எண்டு சொல்லேலாது. தோண்டத்தான் வேணும். செய்யட்டும்." அதற்குப் பிறகு எவரும் பேசவில்லை.

புறூனர்

சி.டி. ஸ்கான் எடுத்தார்கள். கட்டி குடற்சுவரைத் தாண்டிப் பரவவில்லை, ஈரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் ஒன்றும் இல்லை. மேலே ஒரு காரணம் கண்டாலும் கீழேயும் பார்க்கவேண்டும் என்று பெருங்குடலையும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அந்த வயதில் இரத்தம் குறைபவர்களுக்கு மேலும் கீழும் இரண்டும் பார்ப்பதுதான் முறை, ஏனென்றால் அந்த வயதில் பெருங்குடற் புற்றுநோயும் சத்தமில்லாமல் இப்படித்தான் இரத்தத்தைக் குறைக்கும். பெரியப்பாவுக்குக் கீழே எதுவும் இல்லை.

வயிற்றை வெட்டாமல் எண்டோஸ்கொப்பியாலேயே எடுத்தார்கள். காம்பு இருந்தது பெரிய வசதி. காம்பின் அடியில் அட்ரினலின் கலந்த திரவத்தை ஊசியால் ஏற்றி, கம்பி வளையத்தைக் கட்டியின் மேலால் போட்டு இறுக்கி, மின்சூட்டால் வெட்டி, வாய்வழியாக வெளியே கொண்டுவருவது. முன்சிறுகுடலின் சுவர் மெல்லியது, துளை விழலாம், இரத்தம் பெருகலாம் என்று முன்னதாகவே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். பெரிதாகவோ அகன்ற அடியோடோ இருந்தால் சத்திரசிகிச்சைதான் வழி. ஒன்றும் ஆகவில்லை. இந்தமுறை லாபுக்குப் போனது கிள்ளிய துண்டு அல்ல, முழுக் கட்டி.

புறூனர் சுரப்பிக் கட்டி என்று வந்தது. தீங்கற்றது. புறூனர் சுரப்பிகள் எல்லாருக்கும் முன்சிறுகுடலின் தொடக்கத்தில், அந்தக் கீழ்ச்சளிப்படைக்குள் இருப்பவை. இரைப்பையிலிருந்து அமிலத்தோடு இறங்கும் உணவு சிறுகுடலைப் புண்ணாக்காமல் இருக்கக் காரத்தன்மையுள்ள சளியத்தைச் சுரப்பவை. படங்களில் நான் ஒரு கோடு இழுத்துப் பெயர் எழுதிவிட்டுக் கடந்துபோகும் ஒன்று. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றை விவரித்த யோகான் கொன்றாட் புறூனர் சுவிஸ் நாட்டவர். நாய்களின் சதையியை (கணையத்தை) வெட்டி எடுத்துவிட்டு, அவை ஓயாமல் தண்ணீர் குடித்து ஓயாமல் சிறுநீர் கழிப்பதைக் கண்டு எழுதி வைத்தவரும் அவரே. சதையிக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு உறுதியாகத் தெரியவர அதன்பின் இருநூறு வருஷம் சென்றது. இந்தச் சுரப்பிகள் எப்போதாவது சிலருக்கு ஒன்றுகூடி வளர்ந்து கட்டியாகும். 1835 இல் பிரெஞ்சு மருத்துவர் குறுவெய்யே இதை முதன்முதலாக எழுதினார். ஏன் வருகிறது என்பதற்கு மிகை அமிலம், ஹெலிகோபக்டர் கிருமி என்றெல்லாம் காரணம் சொல்லப்பட்டாலும் ஒன்றும் அறுதியாக நிறுவப்படவில்லை. பெரும்பாலும் ஐம்பது அறுபது வயதுகளில், பெரும்பாலும் முன்சிறுகுடலின் முதற்பகுதியில். பலருக்கு எந்தத் தொல்லையும் தராமல் கிடந்து, வேறெதற்கோ குழாய் விடும்போது தற்செயலாகக் கண்ணில் படும். தொல்லை தந்தால் ஒன்று இரத்தக் கசிவு, அல்லது உணவுப் பாதையை அடைத்து வாந்தி. புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. வெட்டி எடுத்தால் திரும்ப வருவதும் அரிது.

முன்சிறுகுடலில் வரும் தீங்கற்ற கட்டிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் இது. அங்கே கட்டி வருவதே அரிது. சமிபாட்டுப் பாதையின் நீளத்தில் முக்கால்வாசி சிறுகுடல், ஆனால் அந்தப் பாதையில் வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்துகூட அங்கே வருவதில்லை. அந்த உறுப்பின் இந்தத் தாங்குதிறன் எனக்கு எப்போதும் வியப்பு. நாங்கள் தின்பது எல்லாம் அதற்குள்ளால் போகிறது, சில நாளுக்கு ஒருமுறை தன் உட்தோலை முழுசாகப் புதுப்பித்துக்கொள்கிறது, அப்படியிருந்தும் அங்கே கட்டி அபூர்வம்.

இந்த அபூர்வத்தைக் கேட்டபோது ஊரில் வந்த பதில்தான் என்னைத் திரும்பவும் எழுதத் தூண்டியது. "உது லட்சத்திலை ஒருத்தருக்கு வாறது, எங்களுக்கேன் வரப்போகுது" என்றார்கள். சரி, வராது. நானும் எவரையும் போய் புறூனர் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள் என்று சொல்லவில்லை. பெரியப்பாவைப் பிழைக்கவைத்தது அந்த அபூர்வப் பெயர் தெரிந்த ஆளல்ல. கட்டியை எடுத்து லாபுக்கு அனுப்பும்வரை அது என்ன என்று அந்த டொக்டருக்கே நிச்சயமாகத் தெரியாது. கொழுப்புக் கட்டியாக இருக்கலாம், தசைக் கட்டியாக இருக்கலாம், மோசமானதாகவும் இருக்கலாம் என்றுதான் சொன்னார். அவருக்குத் தெரிந்திருந்தது, இரத்தம் போன காரணம் இன்னும் அகற்றப்படவில்லை என்பது. காரணம் புண்ணாக இருந்தாலும், கொழுக்கிப் புழுவாக இருந்தாலும், பெருங்குடலில் புற்றாக இருந்தாலும், தேடும் முறை ஒன்றுதான். அபூர்வமானது அந்தத் தேடலின் முடிவில் வருகிறது, சாதாரணமானதும் அங்கேதான் வருகிறது.

இன்னொன்றும் சொன்னார்கள்: "கடைசியிலை தீங்கில்லாத கட்டிதானே, சும்மா விட்டிருக்கலாம்." இதற்கு நான் கொஞ்சம் கோபத்தோடேயே பதில் சொல்லுவேன். தீங்கற்றது என்று லாப் சொன்னது அதன் குழியங்களைப் பற்றி. அவை பரவாது, உறுப்புகளை அரிக்காது. அந்தக் கட்டி ஒரு மனிதரை 6.8க்கு இறக்கியது. இதயத்துக்கு ஒட்சிசன் காணாமல் மாரடைப்பு வந்திருந்தால், அது தீங்கற்ற கட்டியால் வந்த மாரடைப்பு என்று எவரைத் தேற்றுவது? தோட்டத்தில் தலைசுற்றிக் கிணற்றடியில் விழுந்திருந்தால்?

பெரியப்பா இப்போது நலம். ஹீமோகுளோபின் வழமைக்கு வந்த பிறகும் இரும்புக் குளிசையை மூன்று மாதம் தொடரச் சொன்னார்கள், வெறுமையாகிப்போன இரும்புச் சேமிப்பு நிரம்புவதற்கு. இம்முறை ஏறியதும் விடவில்லை. குளிசை விட்ட பிறகும் எண் இறங்கவில்லை. திரும்பவும் ஒருமுறை குழாய் விட்டுப் பார்த்தார்கள், வெட்டிய இடத்தில் தழும்பு மட்டும். மரவள்ளிக்கு நடுவில் ஊடுபயிராகக் கத்தரி போடலாமா என்று இந்த மாதம் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா இருக்கிறார், அறுபது தாண்டியவர். மாதவிலக்கு நின்று எத்தனையோ வருஷம். இரத்தம் குறைவென்று குளிசை குடிக்கிறார், விடுகிறார், திரும்பவும் குடிக்கிறார். போன கிழமை அவரிடம் நேராகவே கேட்டேன், வெளிக்குப் போவது என்ன நிறம் என்று. முதலில் முறைத்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "கொஞ்ச நாளாக் கறுப்புத்தானடி, குளிசையாலை எண்டு நினைச்சன்" என்றார். திருவிழா முடியட்டும், தேருக்குப் பிறகு பாப்பம் என்கிறார். தேருக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாளைக் காலை அவருடைய கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போவோம் என்று அவருடைய மகளிடம் பேசி வைத்திருக்கிறேன்.